ஆர்மீனியாவுக்கு உதவிப் பொருளோடு வண்டி ஓட்டிப் போனவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பு

நெடுஞ்சாலை:
நானே தொடங்குகிறேன். 2023 செப்டம்பர் கடைசி வாரம். லண்டனிலிருந்து ஆர்மீனியாவின் கியூம்ரி நகரத்துக்குப் போர்வையும் குளிருடைகளும் ஏற்றிப் போன வேன்களில் ஒன்றை நான் ஓட்டினேன். ஜார்ஜியாவைத் தாண்டுவதற்குள், ஆர்மீனியர்கள் வாழ்ந்த கராபாக் பகுதியை அஜர்பைஜான் பிடித்துவிட்டது என்ற செய்தி வந்துவிட்டது. கியூம்ரியில் பொருளுக்காகக் காத்திருந்தவர்களே, "இங்கே இறக்காதீர்கள், நேரே கோரிஸுக்குப் போங்கள்" என்று கராபாக் பக்கத்து எல்லை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு வாரம் போல, கராபாக்கையும் ஆர்மீனியாவையும் இணைக்கும் லாச்சின் பாதை வழியாக ஒரு லட்சம் பேருக்கு மேல் இறங்கி வந்தார்கள்.

கராபாக்கின் தலைநகர் ஸ்டெபனகெர்ட்டிலிருந்து கோரிஸ் சுமார் 100 கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு நாளுக்கு மேல் வரிசையில் நின்று வந்தவர்கள் ஏராளம். அந்த வரிசையில் ஒரு பழைய லாடா கார். கூரைமேல் மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். டிக்கியைத் திறந்தால் உள்ளே கோழிகள். ஒன்பது மாத முற்றுகையைத் தாண்டி உயிரோடு வந்த கோழிகள்! வண்டியில் இருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்குக் குறையாது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். வாங்கி, மூடியில் ஊற்றி, ஒவ்வொரு கோழியின் அலகுக்கும் நேராகப் பிடித்தார். அதுவரை தன் வாயில் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் குழுவில் ஒருவர் கேமராவைத் தூக்கினார். அந்த அம்மா கோபப்படவில்லை. டிக்கியைச் சாத்தினார், பாட்டிலை என் கையில் திருப்பிக் கொடுத்தார், வண்டியில் ஏறிக்கொண்டார். இன்னும் இரண்டு கோழிகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது.

தேபெத் ஆற்றோரம்:
எனக்கு ஜார்ஜியாவிலிருந்து ஆர்மீனியாவுக்குள் நுழைகிற பக்ரதாஷென் எல்லைச் சாவடிதான். வண்டி நிறைய சக்கர நாற்காலிகள், கியூம்ரியில் ஒரு மறுவாழ்வு மையத்துக்கு. ஒவ்வொன்றையும் விரித்துக் காட்டச் சொன்னார்கள், காட்டினோம். பாஸ்போர்ட்டைப் புரட்டிய அதிகாரி பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, "மெட்ராஸா?" என்று நிமிர்ந்தார். அடுத்த வார்த்தை, "அஸ்தரார்". உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகை, 1794இல் மெட்ராஸில் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியனின் கல்லறை அங்கே ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான் பாரிமுனையில் வளர்ந்தவன். அந்தத் தேவாலய வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போவேன். உள்ளே போனதில்லை. தெரியாது என்று சொன்னேன். அவர் முகம் ஒரு நொடி வாடியது. சாயங்காலம் வரைக்கும் காகித வேலை இழுத்தது, அதெல்லாம் மறந்துபோச்சு, அந்த முகம் மறக்கவில்லை. பிறகு சென்னை வந்தபோது முதல் வேலையாகப் போய்ப் பார்த்தேன். கல்லறை இருக்கிறது. அவருக்கு அதைச் சொல்ல எனக்கு வழியில்லை.

யெரெவான் மாணவி:
இங்கே மருத்துவம் படிக்கிறேன். பிரான்சிலிருந்து வந்த ஒரு குழுவுக்கு மொழிபெயர்க்கப் போனேன். தவுஷ் மாகாணம், அஜர்பைஜான் எல்லையை ஒட்டின ஒரு கிராமத்துப் பள்ளி. எல்லையைப் பார்த்த பக்கத்து ஜன்னல்களைக் கல் வைத்து அடைத்திருந்தார்கள். நட்ட நடுப்பகலில் டியூப்லைட் வெளிச்சத்தில் பாடம் நடந்தது. ஒரு பையன், எட்டு வயதிருக்கும், டிரைவரைச் சுவர் வரைபடத்துக்கு இழுத்துப் போய், வந்த வழியைக் காட்டச் சொன்னான். பாரிஸிலிருந்து விரலை நகர்த்திக்கொண்டே வந்தவர் துருக்கியின் கிழக்கு ஓரத்தில் நிறுத்தி, ஜார்ஜியாவுக்கு மேலே ஏற்றி, வளைத்துக் கீழே கொண்டுவந்தார். பையன் அவர் விரலைப் பிடித்துத் திரும்ப எடுத்துப் போய், துருக்கியின் கார்ஸ் நகரத்திலிருந்து நேர்கோடாகக் கியூம்ரிக்கு இழுத்தான். "இப்படி வந்திருக்கலாமே?" யாரும் பதில் சொல்லவில்லை. ஆசிரியை காபி கொண்டுவரப் போய்விட்டார்.

பழைய டீசல்:
அந்தப் பையன் கேட்டது சரியான கேள்விம்மா. கார்ஸிலிருந்து கியூம்ரி 80 கிலோமீட்டர்கூட இல்லை. 1993 முதல் துருக்கி-ஆர்மீனியா எல்லை மூடிக் கிடக்கிறது. நாங்கள் துருக்கிப் பக்கம், ஆனி என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளில் நின்றோம். கீழே அகுரியன் ஆறு, நடுவில் உடைந்த பழைய பாலம், அக்கரை ஆர்மீனியா. அங்கே கல்குவாரியில் லாரி ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறது. எங்கள் குழுவில் மார்சேயில் பிறந்து வளர்ந்த ஆர்மீனியர் ஒருவர் இருந்தார். அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நாம் அங்கே போக எவ்வளவு நேரமாகும்?" என்றார். மறுநாள் சாயங்காலம் என்றேன். அவ்வளவுதான் என் கதை.

நெடுஞ்சாலை அண்ணாவிடம் ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். லண்டனிலிருந்து கிட்டத்தட்ட 5,000 கிலோமீட்டர் போர்வை சுமந்து போவது எனக்கு ஒப்பவில்லை. யெரெவானில் போர்வை கிடைக்காதா? டீசல், படகு, சுங்கம் எல்லாவற்றுக்கும் ஆகிற பணத்தை அங்கேயே செலவழித்தால் அங்குள்ள கடைக்காரனும் பிழைப்பான். 1988 டிசம்பர் 7 ஆர்மீனிய நிலநடுக்கத்தில் குறைந்தது 25,000 பேர் இறந்தார்கள், உலகமே விமானம் விமானமாகப் பொருள் அனுப்பியது. ஆனால் தற்காலிகமாக வைத்த இரும்புக் கூண்டு வீடுகளில் முப்பது ஆண்டு கழித்தும் கியூம்ரியில் குடும்பங்கள் இருந்தன. பெட்டி பெட்டியாக இறக்குவது முதல் மாதத்துக்கு உதவும். வீட்டுக்கு மாதாமாதம் போகிற பணம் வேண்டும்.

இதற்குமேலும் ஓட்டித்தான் போவேன் என்பவர்களுக்குச் சில விஷயங்கள். துருக்கியிலிருந்து வருபவர்கள் ஜார்ஜியாவில் படுமி, திபிலிசி என்று சுற்ற வேண்டியதில்லை. அகால்சிகே, நினோட்ஸ்மிண்டா வழியாக பவ்ரா எல்லைச் சாவடியில் இறங்கினால் கியூம்ரி பக்கம். பனிக்காலத்தில் அந்த மேட்டுநிலம் பொல்லாதது, சங்கிலி இல்லாமல் போகாதீர்கள். வண்டிக் காப்பீட்டை எல்லையிலேயே வாங்கிவிடுங்கள். கொண்டுபோகும் பொருளுக்கு, பெறப்போகும் அமைப்பின் பெயரில் ஆர்மீனிய மொழியில் பட்டியலும் கடிதமும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சக்கர நாற்காலிகளை விரித்துக் காட்டிய நண்பருக்கு அது இருந்திருந்தால் மதியத்துக்குள் முடிந்திருக்கும். தெற்கே கபான் போவதாக இருந்தால் கோரிஸிலிருந்து பழைய நெடுஞ்சாலையை நினைக்கவே வேண்டாம். 2021 நவம்பரில் அஜர்பைஜான் அதில் சாவடி வைத்துவிட்டது. தாதேவ் வழியாக வளைந்து போகும் சாலைதான், கனத்த வண்டிக்கு பிரேக் பத்திரம். உள்ளூரில் வேன் பிடித்தால் அது பெரும்பாலும் காஸில் ஓடும். பங்கில் நிரப்பும்போது எல்லோரையும் இறங்கச் சொல்வார்கள், தூங்குகிறவர்களையும் எழுப்பி இறக்கிவிடுங்கள்.

தேபெத் ஆற்றோரம்:
கடிதம் இருந்தது ஐயா. முத்திரையோடு இருந்தது.

நெடுஞ்சாலை:
டீசல் அண்ணே, போர்வையை யெரெவானில் வாங்கலாம் என்பது மற்ற வருடங்களுக்குச் சரி. அந்த வாரம் கோரிஸ் சதுக்கத்தில் ராத்திரி குளிரில் ஜனம் நின்றுகொண்டிருந்தது. எங்கள் வேனில் போர்வை இருந்தது. மாதாமாதம் பணம் போக வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்களுக்குப் பணம் கொடுத்தவர்களில் பாதிப் பேர், வண்டி போகிறது என்று கேட்டதால்தான் ஆர்மீனியாவை வரைபடத்தில் தேடினார்கள். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. 2023 பிப்ரவரியில் துருக்கி நிலநடுக்கத்துக்கு ஆர்மீனியாவிலிருந்து உதவி லாரிகள் இரு நாட்டு எல்லையிலுள்ள மார்கரா பாலம் வழியாகப் போயின. முப்பது ஆண்டுகளாக மூடியிருந்த வழி அது. உதவிப் பொருள் ஏற்றிய வண்டிக்காகத்தான் அது திறந்தது அண்ணே, பணப் பரிமாற்றத்துக்காக அல்ல.

வழித்துணை:
நான் போனதில்லை, போகப் போகிறேன். கோழி டிக்கியைச் சாத்தின அந்த அம்மாவைப் படித்ததிலிருந்து எங்கள் குழுவில் சண்டையே நடக்கிறது. நன்கொடையாளருக்குப் படம் காட்டாவிட்டால் அடுத்த வருடம் பணம் வராது என்கிறார் எங்கள் பொருளாளர். இறக்கிய பெட்டிகளைப் படம் எடுப்போம், வாங்குகிறவர்களை எடுக்க வேண்டாம் என்கிறேன் நான். தவுஷுக்கும் போகிறோம். மாணவி, அந்தப் பள்ளிக்கு என்ன கொண்டுவரலாம்?

யெரெவான் மாணவி:
பொம்மை வேண்டாம். போன குழு கொண்டுவந்ததே ஓர் அலமாரி நிறைய இருக்கிறது. தலைமையாசிரியை கிளம்பும்போது என்னிடம் மட்டும் தனியாகக் கேட்டது ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர். மெஷின் மாடல் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். டீசல் ஐயா சொன்னபடி யெரெவானிலேயே கிடைக்கும். வாங்கும்போது நானும் கூட வருகிறேன், தப்பான மாடலைத் தலையில் கட்டிவிடுவார்கள்.