ஒப்பந்தம் முடிந்துவிட்டது, வங்கி தரும் மலிவான சிம்முக்கு மாறலாமா?

சாட்ஸ்வொர்த்_மகன்:
அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறேன். என் கைத்தொலைபேசி ஒப்பந்தம் முடிவுக்கு வந்துவிட்டது. மாதம் 599 ராண்ட், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் டெபிட் ஆர்டரில் போய்க்கொண்டிருக்கிறது. நேற்று நிறுவனத்திலிருந்து அழைத்த பெண், இந்த மாத இறுதிக்குள் புதுப்பிக்காவிட்டால் எண்ணே கைவிட்டுப் போய்விடும் என்று சொன்னார். வேலையிடத்தில் ஒரு நண்பர் தன் வங்கி தரும் சிம்முக்கு மாறி, மாதச் செலவை 150 ராண்டுக்குள் அடக்கிவிட்டதாகச் சொல்கிறார். மாறலாமா, கூடாதா? இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

பீனிக்ஸ்_ஆசிரியை:
வணக்கம் தம்பி. நீங்கள் கேட்டதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் சொல்வதற்கு வேண்டிய விவரம் எதுவும் உங்கள் பதிவில் இல்லை. மாதம் எத்தனை ஜி.பி. டேட்டா செலவாகிறது? வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டா? அந்த 599 ராண்டில் தொலைபேசியின் விலையும் சேர்ந்திருந்ததா, அல்லது வெறும் சிம்முக்கான தொகையா? உங்கள் தொலைபேசியில் இரண்டு சிம் போட இடம் இருக்கிறதா? இவற்றைச் சொன்னால் எங்களால் உதவ முடியும்.

லெனேசியா_கணக்கர்:
ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிந்தது என்பதையும் சொல்லுங்கள். முடியப்போகிறதா, ஏற்கெனவே முடிந்துவிட்டதா என்பதைப் பொறுத்து என் பதில் முழுவதும் மாறும்.

உம்ஹ்லாங்கா_பொறியாளர்:
இதே கேள்விக்கு நான் இங்கே பலமுறை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டு வந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். இருந்தாலும் அடிப்படையை மறுபடி சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். மலிவு சிம் விற்கும் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் சொந்தமாக ஒரு டவரும் கிடையாது. பெரிய நிறுவனத்திடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கிறார்கள். எஃப்.என்.பி. வங்கியின் சிம்மான எஃப்.என்.பி. கனெக்ட் 2015இலும், கேப்பிடெக் வங்கியின் கேப்பிடெக் கனெக்ட் 2022இலும் செல் சி என்ற தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பை வாங்கித்தான் தொடங்கின. அந்தச் செல் சியும் தன் டவர்களை நிறுத்திவிட்டு மற்றவர்களின் டவர்களுக்கு மாறிவிட்டது: பிரீபெய்ட் சிம்களும் வங்கிச் சிம்களும் எம்.டி.என். நிறுவனத்தின் டவர்களிலும், ஒப்பந்தச் சிம்கள் வோடகாம் நிறுவனத்தின் டவர்களிலும் இயங்குகின்றன. ஆகவே வங்கி சிம் நன்றாக வேலை செய்யுமா என்று கேட்பதே தவறு. உங்கள் வீட்டில் எம்.டி.என். சிக்னல் எப்படி இருக்கிறது என்பதே சரியான கேள்வி. இதைப் புரிந்துகொள்ளாமல் விலையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

டோங்காட்_கடைக்காரர்:
பொறியாளர் ஐயா சொல்வது சரி, ஆனால் பாதிதான் சரி. 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது எங்கள் பகுதியில் மின்சாரம் போன இரவு என் தொலைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அடுத்த வீட்டுக்காரர் அவருடைய தொலைபேசியில் தன் தங்கையிடம் பேசிக்கொண்டிருந்தார். அவருடையது வேறு நிறுவனத்தின் டவர். மின்சாரம் போனால் டவரை உயிரோடு வைத்திருப்பது அதன் அடியில் உள்ள மின்கலம்தான். 2023இல் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு இருந்தபோது, அந்த மின்கலங்கள் முழுமையாக மின்னேறுவதற்கு முன்பே அடுத்த மின்வெட்டு வந்துவிடும். அதற்குப் பிறகு இரண்டு வேறு டவர்களின் சிம்களை ஒரே தொலைபேசியில் வைத்திருக்கிறேன். மாறுவதா வேண்டாமா என்று யோசிப்பதைவிட, இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து.

சாட்ஸ்வொர்த்_மகன்:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். தொலைபேசியும் சேர்ந்த 24 மாத ஒப்பந்தம்தான். அது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அதே தொகை போகிறது. மாதம் சுமார் 6 ஜி.பி. செலவாகும், வீட்டில் ஃபைபர் உண்டு. இரண்டு சிம் போடலாம். அம்மாவின் எண்ணும் என் கணக்கிலேயே இருக்கிறது, அதற்குத் தனியாக மாதம் 149 ராண்ட். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய தொலைபேசி. 082 என்று தொடங்கும் அந்த எண்ணை அப்பா தொண்ணூறுகளில் வாங்கினார். அப்பா இப்போது இல்லை. அந்த எண் போய்விடக்கூடாது என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை.

லெனேசியா_கணக்கர்:
தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்ன விவரங்களை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் தூக்கம் கெட்டிருக்காது. முதலில் மாத இறுதி என்ற பயத்தை விடுங்கள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, குறித்த கால ஒப்பந்தம் முடிந்த பிறகு நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அது மாதத்துக்கு மாதம் தானாகத் தொடரும். எண் பறிபோகாது. முடிவதற்கு 40 முதல் 80 வேலை நாட்களுக்கு முன்பே இதை உங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. பழைய குறுஞ்செய்திகளையும் மின்னஞ்சல்களையும் தேடிப் பாருங்கள். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே விலக விரும்பினால்கூட 20 வேலை நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம், அப்போதுதான் நியாயமான அபராதம் கேட்க முடியும். உங்களுக்கு அந்தக் கட்டமும் கடந்துவிட்டது.

இப்போது கணக்கு. தொலைபேசியின் விலையை 24 மாதத்தில் கட்டி முடித்துவிட்டீர்கள். இருந்தும் அதே 599 ராண்டை நான்கு மாதம் கட்டியிருக்கிறீர்கள், அதாவது 2,396 ராண்ட். அதில் ஒரு பகுதி, ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமாகிவிட்ட ஒரு பொருளுக்காகப் போனது. எனக்கு வயிறு எரிவது இந்தத் தொகையைப் பார்த்துத்தான். மலிவு சிம்முக்கு மாறுவதெல்லாம் அதற்கு அடுத்த விஷயம். நண்பரின் 150 ராண்ட் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கேப்பிடெக் கனெக்ட் அறிமுகமானபோது 100 எம்.பி. 4.50 ராண்ட், அதாவது ஒரு ஜி.பி. 45 ராண்ட் என்று அறிவித்தார்கள். இன்றைய விலையை அவர்களுடைய செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த விலையில் 6 ஜி.பி. 270 ராண்ட் ஆகிறது. அழைப்புகளுக்குத் தாராளமாக 100 ராண்ட் ஒதுக்கினாலும் மொத்தம் 370. மாதம் 229 ராண்ட், ஆண்டுக்கு 2,748 ராண்ட் மிச்சம். உங்கள் 6 ஜி.பி.யில் பாதி வீட்டு ஃபைபரிலேயே போகவேண்டியதாக இருந்தால் இன்னும் குறையும்; வீட்டுக்குள் வந்ததும் வைஃபை இணைகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஸ்டேங்கர்_இளைஞர்:
இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. வங்கிச் செயலிக்குள் போய் டெபிட் ஆர்டரை நிறுத்திவிடுங்கள். பணம் போகாவிட்டால் அவர்களே இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள்.

லெனேசியா_கணக்கர்:
தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். டெபிட் ஆர்டரை நிறுத்துவது ஒப்பந்தத்தை ரத்து செய்வதாகாது. கட்டணம் நிலுவையாகச் சேர்ந்து, கடன் தகவல் நிறுவனங்களில் உங்கள் பெயர் பதிவாகிவிட்டால் நாளைக்கு வீட்டுக் கடனோ வாகனக் கடனோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். எழுத்தில் ரத்துக் கடிதம் அனுப்பி, அதற்கான குறிப்பு எண்ணை வாங்கி, கடைசித் தொகை கட்டப்பட்ட பிறகே டெபிட் ஆர்டரைத் தொடவேண்டும். எண்ணை வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்தால், அதாவது அதே எண்ணோடு மாறினால், பழைய கணக்கு தானாக மூடிக்கொள்ளும் என்றும் எண்ணாதீர்கள். எண் புதிய நிறுவனத்துக்குப் போய்விடும், பழைய கணக்கு தொடர்ந்து ஓடும்.

மெரிபேங்க்_ஓய்வுபெற்றவர்:
எல்லோரும் விலையையும் டவரையும் பேசுகிறீர்கள். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். வங்கிக் கணக்கும் தொலைபேசி எண்ணும் ஒரே கையில் இருக்கலாமா? சிம் மாற்று மோசடியில் திருடன் செய்வது என்ன? உங்கள் எண்ணைத் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டு, வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யை வாங்கிக்கொள்கிறான். இரண்டும் வெவ்வேறு இடத்தில் இருந்தால் அவன் இரண்டு கதவை உடைக்க வேண்டும். ஒரே இடத்தில் இருந்தால் ஒரு கதவு போதும். நான் என் ஓய்வூதியம் வரும் வங்கியின் சிம்மைத் தொடமாட்டேன்.

உம்ஹ்லாங்கா_பொறியாளர்:
ஐயா, உங்கள் அச்சம் பத்தாண்டுக்கு முந்தையது. இப்போது பெரும்பாலான வங்கிகள் ஒப்புதலைச் செயலிக்குள்ளேயே கேட்கின்றன, குறுஞ்செய்தியை நம்பியிருப்பதில்லை. தவிர, வங்கியே சிம்மும் தருகிறது என்றால், சிம் மாற்றப்பட்ட செய்தி அதற்கு உடனே தெரியும். அது பாதுகாப்பை அதிகமாக்கவே செய்கிறது.

மெரிபேங்க்_ஓய்வுபெற்றவர்:
செயலி உள்ளவர்களுக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். இந்தத் தம்பியின் அம்மாவைப் போலப் பொத்தான் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு வங்கி எப்படி ஒப்புதல் கேட்கும்? குறுஞ்செய்தியில்தானே? நான் அவரைப் போன்றவர்களை நினைத்தே எழுதினேன். என்னை அச்சப்படுபவன் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

உம்ஹ்லாங்கா_பொறியாளர்:
அம்மாவின் நிலை வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் பொதுவிதியாக நீங்கள் எழுதியது சரியல்ல என்பதில் மாற்றமில்லை.

டோங்காட்_கடைக்காரர்:
இருவரும் பொறுத்துக்கொள்ளுங்கள். வங்கி சிம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. வங்கி அல்லாத மலிவு சிம்களும் கடைகளில் கிடைக்கின்றன. பெரிய நிறுவனங்களிலும் போட்டி ஆணையத்தின் 2019 டேட்டா விலை விசாரணை அறிக்கைக்குப் பிறகு விலை இறங்கியது. வோடகாமின் 30 நாள் ஒரு ஜி.பி. 2020 ஏப்ரலில் 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு வந்தது. என் கடைக்கு வருபவர்களில் பலர் இன்னும் அன்றாட டேட்டாவாக வாங்கிக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். கையில் மொத்தமாகப் பணம் இல்லாததுதான் காரணம். காலாவதி ஆகாத டேட்டா அவர்களுக்கே அதிகம் உதவும்.

பீனிக்ஸ்_ஆசிரியை:
தம்பி, உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். எண்ணை போர்ட் செய்வதற்கு முன்பு, புதிய சிம் ஒன்றைத் தனி எண்ணோடு வாங்குங்கள். சில ராண்ட்தான் ஆகும். அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் கொண்டுபோய் ரைக்கா, அதாவது சட்டப்படியான சிம் பதிவு, செய்துகொள்ளுங்கள். உங்கள் தொலைபேசியின் இரண்டாவது இடத்தில் அதைப் போட்டு இரண்டு வாரம் பழையதோடு சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

சென்ற ஆண்டு என் அக்காவின் வீட்டில் நான் இப்படித்தான் செய்தேன். அவர் வீடு சரிவின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. முன்வாசலில் நான்கு கோடு காட்டிய புதிய சிம், தகரக் கூரை போட்ட பின்கட்டுச் சமையலறையில் ஒரு கோடாக இறங்கி, அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவில் முழுவதும் மறைந்துபோனது. சன்னல் கம்பியோடு தொலைபேசியை ஒட்டிப் பிடித்தால் பேச முடிந்தது, கையை இறக்கினால் குரல் அறுந்தது. பழைய சிம்மில் அதே இடத்தில் தடையில்லாமல் பேசினோம். அக்கா நாளில் பாதியை அந்தச் சமையலறையில்தான் கழிக்கிறார். அதனால் அவருக்கு மாற்றவில்லை. மேட்டுப்பக்கம் இருக்கும் அவர் மகனுக்கு மாற்றினோம், அவனுக்கு ஒரு குறையுமில்லை. சாட்ஸ்வொர்த்தும் மேடும் பள்ளமுமான ஊர்தான். அம்மா வழக்கமாக உட்கார்ந்து பேசும் நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து, காலையிலும் மாலையிலும் பேசிப் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியில் ஹிகின்சன் நெடுஞ்சாலையிலும் ஒருமுறை பேசிப் பாருங்கள்.

அம்மாவுக்கு ஒரு செய்தி: 2006 நவம்பர் 10 முதல் இந்த நாட்டில் எண் நம்முடையது, எந்த நிறுவனத்துக்குப் போனாலும் 082 அப்படியே இருக்கும். அப்பாவின் எண் எங்கும் போகாது என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போர்ட் செய்யும்போது பழைய எண்ணுக்கு வரும் குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பி ஒப்புதல் தரவேண்டியிருக்கும். அந்தச் செய்தி வரும்வரை பழைய சிம்மை எடுத்து வைத்துவிடாதீர்கள்.

ஸ்டேங்கர்_இளைஞர்:
டெபிட் ஆர்டரைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அது இப்படிப் பதிவாகும் என்று எனக்குத் தெரியாது. கணக்கர் அண்ணாவுக்கு நன்றி.

லெனேசியா_கணக்கர்:
தம்பி, ரத்துக் கடிதம் அனுப்பினீர்களா? சோதனைக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்வதானால், இப்போதே அழைத்து, ஒப்பந்தம் முடிந்ததால் சிம் மட்டும் உள்ள குறைந்த கட்டணத்துக்கு மாற்றும்படி கேளுங்கள். அந்த இரண்டு வாரத்துக்கும் முழு 599 கட்ட வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_மகன்:
தாமதத்துக்கு மன்னிக்கவும், மூன்று வாரம் ஆகிவிட்டது. என் எண்ணை மாற்றிவிட்டேன். சமையலறை, நெடுஞ்சாலை, பைன்டவுனில் வேலையிடம் எல்லாவற்றிலும் பேச முடிகிறது. அம்மாவின் அறையில் புதிய சிம்முக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. அவருடைய எண் பழைய இடத்திலேயே 149 ராண்டில் இருக்கிறது. ரத்துக் கடிதத்துக்குக் குறிப்பு எண் வந்துவிட்டது. அனைவருக்கும் நன்றி.