மலையகத்தில் பொலிஸாரின் முதல் வேலை: போதையா, காசு மோசடியா?

தலவாக்கலை97:
சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கினால் ஹட்டன் பாதையில் மோப்பநாயோடு சோதனை. கொஞ்சம் கஞ்சாவோடு சிக்கும் இளைஞர் அடுத்த நாளே நீதவான் முன். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையிலும் இதே வேகம்தான் இருந்தது. ஆனால் ஒன்லைன் வேலை, வெளிநாட்டுப் பார்சல் என்று நம்பி ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசையே இழந்தவர்களின் முறைப்பாடு புத்தகத்திலேயே கிடக்கிறது. எதற்கு முதலிடம் வேண்டும்?

கவுண்டர்3:
மோசடிக்குத்தான். கஞ்சா விற்பவரை அடுத்த வாரமும் பிடிக்கலாம். செஃப்ட்ஸில் (வங்கிகளுக்கிடையிலான உடனடிப் பணமாற்று முறை) போன காசு சில விநாடியில் வேறு கணக்கில் விழுந்து, அங்கிருந்து ஏ.டி.எம். வழியாக வெளியேறிவிடும். அதனால் பொலிஸுக்குப் போகுமுன் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழையுங்கள். பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் உடனே அறிவிக்கச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். வாட்ஸ்அப் உரையாடலை வெட்கப்பட்டு அழித்துவிடுகிறார்கள், வழக்கு அங்கேயே பாதி செத்துவிடும்.

அந்தக் கணக்கு யாருடையது என்று வங்கி உங்களுக்குச் சொல்லாது. பொலிஸ் பி அறிக்கை (விசாரணை பற்றி நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) தாக்கல் செய்து நீதவானின் கட்டளை எடுக்க வேண்டும். இரவெல்லாம் சுற்றிவளைப்புக்குப் போகும் அதிகாரிக்கு அதை எழுத நேரமேது? தேக்கமே இங்குதான்.

ஊவா_வழக்கு:
அண்ணே, ஒன்றை விட்டு ஒன்று என்பதை ஏற்க முடியவில்லை. லயன்களுக்குள் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஐஸ் என்ற மெத்தம்பெட்டமின் போதைப்பொருள் நுழைந்தால் சம்பளக் காசு வீட்டுக்கே வராது. போதைப்பொருள் சட்டத்தின் 2022 திருத்தத்தின்படி 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனாலும் பிடிபடுபவர் பெரும்பாலும் பாவிப்பவர்தான். விற்பவரின் காசு ஈஸி கேஷ் என்ற கைப்பேசிப் பணச் சேவையிலும் வங்கிக் கணக்கிலும் ஓடுகிறது. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தில் (குற்றத்தில் வந்த காசை நல்ல காசாகக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம்) உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரே கணக்கை 7 நாள் முடக்கலாம். நீடிக்க மேல் நீதிமன்றம். கணக்குப் பார்க்கத் தெரிந்த இரண்டு பேரை ஒவ்வொரு பிரிவிலும் வைத்தால் இரண்டு குற்றத்துக்கும் அதே ஆட்கள் போதும். கைதுக் கணக்கை மட்டும் எண்ணும் வரை இது நடக்காது.

தலவாக்கலை97:
"இது காசுக் கொடுக்கல் வாங்கல், மத்தியஸ்த சபைக்குப் போங்க" என்று பொலிஸில் திருப்பி அனுப்பினால்?

ஊவா_வழக்கு:
வாக்குமூலத்தில்தான் பிழை. "கொடுத்த காசைத் தரவில்லை" என்றால் அது கடன். என்ன பொய் சொன்னார், எப்போது சொன்னார், அதை நம்பி எவ்வளவு அனுப்பினீர்கள் என்று அந்த ஒழுங்கில் சொல்லுங்கள். அப்போதுதான் ஏமாற்றிக் காசு வாங்குவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவை 403ஆம் பிரிவு வரும். ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற திட்டமென்றால் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவையும் குறிப்பிடச் சொல்லுங்கள். தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை. சிங்களத்தில் எழுதிவிட்டால் வாசித்து விளக்கச் சொல்லி, தொகையையும் கணக்கிலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.