எதிர்ப் பக்கத்து வாங்கில் நம்ம சேர்

ஹட்டன் பக்கத்திலிருந்து:

அணியை விட்டு எதிரணிக்குப் போகிற பயிற்சியாளர்களைப் பற்றிய பேச்சில் அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பாட் ரைலியின் பெயர் வந்ததால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நியூயோர்க் நிக்ஸ் அணியை நாலு வருசம் நடத்திய மனுசன், ஒப்பந்தம் இன்னும் ஒரு வருசம் இருக்கும்போதே 1995 ஜூனில் ஒரு ஃபெக்ஸ் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். செப்டம்பரில் மயாமி ஹீட் அணியில் வேலை. நிக்ஸ் சும்மா விடவில்லை. முறைப்பாடு போட்டு, மயாமியிடமிருந்து பத்து இலட்சம் டொலரும், வருசா வருசம் அணிகள் புது வீரர்களைத் தெரிவுசெய்யும்போது முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையும் வாங்கிக்கொண்டுதான் அடங்கியது. எங்கள் பயிற்சியாளர் சேர் போனபோது எங்களுக்கு மிஞ்சியது காற்றிறங்கிய இரண்டு பந்து.

சேர் இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அறுபது தாண்டியவர். டவுன் கடைக்காரர்கள் சிலர் காசு போட்டு நடத்திய அணி எங்களுடையது. பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்துப் பையன்கள். 'கூடைப்பந்துக்குப் போறேன்' என்று சொன்னால் லயத்தில் சிரிப்பார்கள். 'கூடை தூக்குறதுக்கு ஒங்க அம்மா இருக்காங்க, நீ வேற எதுக்குடா?'

மைதானம் என்றால் ஒரு சீமெந்துத் தரை, அவ்வளவுதான். வளையம் மாட்டிய கம்பம் பழைய தண்டவாளத் துண்டு. மே கடைசியில் தென்மேல் மழை பிடித்தால் ஹட்டனில் செப்டம்பர் வரைக்கும் தரை காயாது. நனைந்த சாக்கை ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் பயிற்சி. பந்து ஈரத்தில் ஊறி பூசணிக்காய் மாதிரி கனக்கும்.

எனக்கு இடது கை வராது. அதற்காக சேர் எனக்கு மட்டும் ஒரு தண்டனை வைத்திருந்தார். தினம் இடது கையால் ஐம்பது லே-அப், அதாவது ஓடிப்போய் வளையத்துக்குக் கிட்டே எம்பிப் பந்தைப் போடுவது. அப்புறம்தான் பிளேன்டீ. அவர் அந்தப் பக்கம் திரும்பி யாருடனாவது பேசிக்கொண்டிருப்பார். நான் எண்ணிக்கையில் நடுவில் சிலதை விட்டுத் தாவிவிடுவேன். இருபத்தொன்று, இருபத்திரண்டு, முப்பது. 'முடிஞ்சிருச்சு சேர்' என்பேன். 'சரி, போய்க் குடி' என்பார்.

2009 ஜூனில் பதுளை அணிக்குப் போய்விட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அன்றைக்கு யார் அதையெல்லாம் கேட்டோம்? வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினோம்.

அடுத்த வருசம் ஓகஸ்டில் பதுளையில் ஆட்டம். காலை ரயிலில் கிளம்பினோம். பட்டிப்பொல வரைக்கும் மழை, ஹப்புத்தளை தாண்டினால் சுள்ளென்று வெயில். பதுளை இருக்கிற ஊவாவுக்கு மழை வருசக் கடைசியில்தான் என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் உறைத்தது. காய்ந்த தரையைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. பயிற்சி கொடுக்கிற எவனும் இங்கேதான் வருவான்.

மீதிக் கோபம் ஆட்டத்தில் திரும்பி வந்தது. என்னை மறித்த பையன் முழு நேரமும் என் வலப் பக்கம் அரை அடி தள்ளியே நின்றான். இடப் பக்கம் கதவு மாதிரித் திறந்து கிடக்கிறது. போனால் பந்து போர்டில் பட்டு வெளியே. மொத்தம் நாலு புள்ளி எடுத்தேன். முடிந்ததும் சேர் தோளில் கை போட்டார்.

'ஐம்பது சொன்னா முப்பத்தெட்டுத்தானே போடுவ. எனக்குக் காது இல்லையா தம்பி?'

முதுகைக் காட்டிக்கொண்டு பந்துச் சத்தத்தை எண்ணியிருக்கிறார்.

பதுளையிலிருந்து:

அண்ணே, உங்களை மறித்தது நான்தான். சேர் உங்களைப் பற்றி எங்களிடம் சொன்னது 'வலது பக்கம் நில்லு' என்ற ஒரு வரிதான். ஆனால் ஹட்டனைப் பற்றி ஒரு வருசமாகக் கேட்டுக் காது புளித்திருந்தது. தூறல் விழுந்து நாங்கள் ஒதுங்கினால் போதும், 'ஹட்டன்காரன் சாக்கு இழுத்துட்டு விளையாடுவான்' என்று ஆரம்பித்துவிடுவார். உங்களைப் பார்க்கும் முன்பே உங்கள் மேல் எங்களுக்கு எரிச்சல்.

ரைலி கதையில் மீதியையும் சொல்ல வேண்டும். 1997 முதல் 2000 வரை நாலு வருசம் வரிசையாக பிளேஓஃபில், அதாவது பருவக் கடைசியில் தோற்றால் வெளியேறும் சுற்றுகளில், ஹீட்டும் நிக்ஸும் மோதின. முதல் வருசம் ரைலி ஜெயித்தார். மற்ற மூன்றும் நிக்ஸுக்கு. அப்போது நிக்ஸை நடத்தியது ஜெஃப் வான் கண்டி, ரைலியிடமே உதவியாளராக இருந்தவர். குருவின் பழக்கமும் சிஷ்யனுக்குத் தெரியும்தானே.

கண்டியிலிருந்து:

எல்லாரும் உருகுகிறீர்கள், நான் உருகப் போவதில்லை. எங்கள் பெண்கள் அணியை அரையிறுதிக்கு முதல் நாள் பயிற்சியாளர் விட்டுப் போனார். காரணம் நல்லதாகவே இருக்கலாம். மூத்த அக்கா ஒருவர் விசிலைக் கையில் எடுத்தார், தோற்றோம். ஆறு வருசம் கழித்து பேராதனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதே ஆள் சிரித்துக்கொண்டே வந்து, 'எப்படி மகள், இன்னும் விளையாடுறீங்களா?' என்றார். 'இல்லை சேர்' என்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அன்றைக்கும் மாலை எனக்குப் பயிற்சி இருந்தது.

மறுபடி ஹட்டன் பக்கத்திலிருந்து:

பதுளைத் தம்பி, ஏழாம் நம்பர் நீங்களா? வலது பக்கம் நிற்கச் சொன்னது சேர், சரி. என் காலை மூன்று தடவை மிதித்தது யார் சொல்லி?