மறு: பேபி பூம் – "குழந்தைப் பெருக்கம்" சரியா?

> மக்கள்தொகைப் பெருக்கம் ஏற்கெனவே பழகிய சொல்தானே, அதே வழியில் குழந்தைப் பெருக்கம் என்று வைத்துவிடலாம்.

பழகிய சொல் என்பதுதான் ஐயா எனக்குச் சிக்கல். பெருக்கம் என்றதும் நம் ஆட்களுக்குச் சிவப்பு முக்கோணமும் 'நாம் இருவர் நமக்கு இருவர்' சுவரெழுத்தும்தான் ஞாபகம் வரும். அது ஏறிக்கொண்டே போவதற்கான சொல். பேபி பூம் என்பதோ சில ஆண்டுகள் மட்டும் பிறப்பு திடீரென்று எகிறுவது. அது ஏறி இறங்கியது, ஜப்பானில் சட்டென்றே இறங்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பிய பின், 1947 முதல் 1949 வரை மூன்றே ஆண்டில் அங்கே சுமார் 80 லட்சம் குழந்தைகள். 1948இல் ஒரு சட்டம் கருக்கலைப்புக்கு வழிவிட்டது, மறு ஆண்டே பொருளாதாரக் கஷ்டத்தையும் அதற்கு ஒரு காரணமாகச் சேர்த்தார்கள். 1949இல் 27 லட்சத்தை ஒட்டியிருந்த பிறப்பு 1957இல் 16 லட்சத்துக்கும் கீழே போனது. அந்த மூன்றாண்டில் பிறந்த கூட்டம் பள்ளிக்கு வந்தபோது வகுப்புக்கு ஐம்பது பேருக்கு மேல் அடைத்தார்கள். நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயது கிராமத்துப் பிள்ளைகளைத் தனி ரயிலில் ஏற்றி, டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் இறக்கி, பட்டறைக்கும் கடைக்கும் பிரித்து அனுப்பினார்கள். அவர்களுக்குப் 'பொன் முட்டைகள்' என்று பெயர். மலிவான கூலிக்கு எவ்வளவு அழகான பெயர் பாருங்கள்!

இந்தத் தலைமுறைக்கு ஜப்பானியர் சொல்வது 'தன்காய்'. பாறைக்குள் கெட்டியாகத் திரண்ட கட்டியைக் குறிக்கும் நிலவியல் சொல் அது, 1976இல் சாக்காயா தாயிச்சி எழுதிய நாவலிலிருந்து பரவியது. குழந்தையும் இல்லை, பெருக்கமும் இல்லை.

அவர்கள் பாறையிலிருந்து எடுத்தார்கள், நாம் அடுக்களையிலிருந்து எடுப்போமே. ஒரு ஈடு இட்லி என்கிறோம் இல்லையா, ஒன்றாக ஊற்றி, ஒன்றாக வெந்து, ஒன்றாக இறங்குவது. ஒரே காலத்தில் பிறந்தவர்களின் கூட்டத்தைக் குறிக்கும் கோஹார்ட் என்பதற்கு 'ஈடு', இந்தப் பெரிய கூட்டத்துக்குப் 'பேரீடு', ஆட்களுக்குப் 'பேரீட்டார்'. நிகழ்வை மட்டும் 'பிறப்பெழுச்சி' எனலாம்.

முதலில் 'ஈற்று' என்றுதான் யோசித்தேன். ஆனால் மூணாம் ஈத்து மாடு என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஈடு என்றால் அடமானம் ஆயிற்றே, காப்பீடு மாதிரி ஏதோ திட்டம் என்று நினைப்பார்களே என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: '1971–74இல் பேரீட்டாரின் பிள்ளைகளால் இரண்டாம் பிறப்பெழுச்சி வந்தது, மூன்றாவது வரவே இல்லை. 2025க்குள் பேரீட்டார் எல்லாருக்கும் 75 வயது ஆகிவிட்டது.' எனக்கு இடறவில்லை. இடறினால் எந்த இடத்தில் என்று சொல்லுங்கள், அப்புறம் 'குழந்தைப் பெருவெள்ளம்' என்று மட்டும் யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.