கடிவாளத்துல கட்டுன நூலு

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா சந்தையில தானுங்க எங்க செவலைய புடிச்சோம். குஜராத்துக் கத்தியவார் இனத்துப் பொட்டைக் குதிரை, ஆறு வயசு, காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும், அந்தக் காதப் பாத்தே அப்பா மயங்கிட்டாரு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து மேல ஏறுனா கதையே வேற. கடிவாளத்துல இருந்து கைக்கு வர்ற வாரை லேசா தொட்டாலே தலைய வானத்துக்குத் தூக்கிருவா, நான் இழுப்பேன், இழுக்க இழுக்க இன்னும் வேகமா ஓடுவா, ஒரு நாள் வாய்க்கா மேட்டுல ஓட ஆரம்பிச்சவ கம்பிவேலி கிட்ட போய்த்தான் நின்னா. ஆறு மாசம் இதே தான். திமிர் புடிச்ச குதிரைன்னு ஊரே சொல்லுச்சு, நானும் சேந்து சொன்னேன். நினைச்சா இன்னைக்கும் மனசு கனக்குது.

கோபிப் பக்கம் அந்தக் காலத்துல ஜட்கா ஓட்டுன தாத்தா ஒருத்தர் வந்து பாத்தாரு. நான் சேணம் எடுக்கப் போனா வேண்டாம்னுட்டு, நேரா போயி அவ உதட்ட விலக்கி வாயப் பாத்தாரு. கடைவாய் ரெண்டு பக்கமும் வெடிச்சு ஆறுன தழும்பு, நாக்கு மேல குறுக்க வெள்ளையா ஒரு கோடு. "எத்தனை கை மாறி வந்தாளோ, யாரோ முள்ளு கடிவாளம் போட்டுருக்கானுக சாமி. வலிக்கப் போகுதுன்னு தான் தலையத் தூக்குறா"ன்னாரு. முள்ளு வச்ச கடிவாளத்துக்கு 1965லயே மத்திய அரசு விதியில தடை போட்டாச்சு, ஆனா அந்தத் தழும்ப நான் கண்ணால பாத்தேன். ஆறு மாசமா அந்தப் புண்ணு மேல தான் நான் இழுத்துட்டு இருந்திருக்கேன்.

டாக்டரையும் வரச்சொல்லி காட்டிட்டு, ரெண்டு வாரம் வாயில ஒண்ணுமே போடல, தலைக்கயிறோட நடக்க மட்டும் வச்சோம். அப்புறம் முள்ளு கிள்ளு இல்லாத, நடுவுல மூட்டு வச்ச வழவழ கடிவாளம்.

அதுக்கப்புறம் தான் நூலு. வாரை கடிவாள வளையத்துல பூட்டாம, தையல் நூல ரெண்டு இழையா முறுக்கி அதால கட்டி விட்டாரு. நூலு அறுந்தா கை முரடுன்னு அர்த்தம், அவ்வளவு தான் பாடம். முதல் நாள் அரை மணி நேரத்துல 11 தடவை அறுந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இறங்கி மறுபடி முடிச்சுப் போடணும், முடிச்சுப் போடறப்ப அவ கடைவாய் என் கண்ணுக்கு நேரா இருக்கும்.

அப்ப தான் கவனிச்சேன், குதிரை நடக்கறப்ப ஒவ்வொரு எட்டுக்கும் தலை முன்னாடி போயி போயி வருது, நம்ம கை அதுகூடவே போகணும், போகலைன்னா நூலு காலி. டிராட்ல, அதாவது துள்ளு நடை ஓட்டத்துல, தலை அசையாது, ஆனா நம்ம உடம்பு குலுங்குது, குலுங்கற உடம்புல கைய மட்டும் அசையாம வச்சுக்கறது தான் பெரும்பாடு. கேன்டர்ங்கற தாவி ஓடற ஓட்டம் வந்தா மறுபடி தலை ஆட ஆரம்பிச்சுரும். இடுப்பு விறைப்பா இருக்கற வரைக்கும் கை சொன்ன பேச்சு கேக்காதுன்னு சொல்லி, வட்டத்துல நீளக் கயிறு போட்டு, அங்கவடி (கால் வைக்கிற வளையம்) இல்லாம தினமும் 20 நிமிஷம் உக்கார வச்சாரு. தொடை ரெண்டும் எரியும்.

நிறுத்தறதுக்கு வாரைப் புடிச்ச கையில மோதிர விரல மட்டும் மூடச் சொன்னாரு, நின்ன நொடியே விரலத் திறந்துரணும். திறக்கறது தான் அவளுக்குப் புரியற பாஷை. மூணாவது வாரம் ஒரு சாயங்காலம், விரல மூடுனேன், நின்னுட்டா. தலையத் தூக்கல. கழுத்த இறக்கி நாக்கச் சப்பிக்கிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டா பாருங்க, நான் மேலயே உக்காந்து அழுதுட்டேன்.

---

அண்ணா, படிச்சதும் எனக்கும் தொண்டை அடைச்சுருச்சு. நான் பெங்களூர்ல 38 வயசுல கத்துக்க ஆரம்பிச்சவ. எனக்குக் கையில பிரச்சனை இல்ல, கண்ணுல தான், டிராட்ல அந்தத் தாளத்துக்கு எழும்பி உக்காரணும்னு குதிரையோட எந்தத் தோள் முன்னாடி போகுதுன்னு பாக்கறேன்னு குனிஞ்சுக்கிட்டே இருப்பேன், குனிஞ்சா உடம்பு பாரம் முன்னாடி போகுது, குதிரையும் வேகம் குறைச்சுரும். எங்க கோச் கண்ண மூடிக்கிட்டு, குதிரையோட வெளிப்பக்கத் தோள் (வட்டத்துக்கு வெளிய இருக்கற பக்கம்) முன்னாடி போறப்ப இடுப்புல என்ன தெரியுதுன்னு வாய்விட்டு சொல்லச் சொன்னாங்க. நாலு கிளாஸ்ல புடிபட்டுருச்சு. ஒரு சந்தேகம், நூலு அறுந்து குதிரை ஓடிட்டா என்ன பண்றது?

---

நல்ல கேள்விங்க அக்கா, அதைச் சொல்லாம விட்டது என் தப்பு. கடிவாளத்துக்கு அடியில தலைக்கயிறும் போட்டிருப்போம், அதோட ஒரு முனை தாத்தா கையில இருக்கும், நாலு பக்கமும் சுவர் வச்ச களத்துல மட்டும் தான் செய்வோம். ஹெல்மெட் கட்டாயம். தனியா, திறந்த வெளியில யாரும் இதப் பண்ணிராதீங்க. நூலும் சாதா பருத்தித் தையல் நூல் தான் வேணும், நைலான் அறுகாது, அறுகலைன்னா கை முரட்டுத்தனம் தெரியாமயே போயிரும்.