நத்தையின் மரபணுவை வெட்டுவதா, ஊருணிக்கு வேலி போடுவதா?

ஊருணிக்கரை:
புழு தொற்றாமல் நத்தையைக் காக்கும் மரபணு எது என்று பார்க்க, மரபணுவைக் குறிபார்த்துக் கத்தரிக்கிற கிரிஸ்பர் முறையில் அந்த மரபணுவையே வெட்டிப் பார்க்க வேண்டும் என்று நுண்ணோக்கி இங்கே எழுதியிருந்தார். நான் தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஏழு மாடு வைத்திருக்கிறவன். போன மாசியில் ஒரு பசுவுக்குக் குறட்டை நோய், ஊருணி நத்தைக்குள் வளர்ந்து மாட்டுக்கு ஏறுகிற புழுவால் வருவது. ராத்திரி அது மூச்சு இழுக்கிற சத்தம் திண்ணையில் படுத்திருக்கிற எனக்குக் கேட்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் மூக்குக்குள் காலிஃபிளவர் மாதிரி சதை, சளியோடு ரத்தம். ஊசி போட்டுத் தேற்றினோம், ஆனால் இன்றைக்கும் அதே ஊருணியில்தான் குடிக்கிறது. இங்கே போர் போட்டால் உப்புத்தண்ணீர், வேறு போக்கிடம் இல்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் வற்றி நத்தை ஒரே பள்ளத்தில் குவிகிறது, மாடும் அங்கேதான் இறங்குகிறது. ஊருணிக்கு வேலி, வெளியே மாட்டுக்கு ஒரு தொட்டி, இது போதும். ஆய்வகத்தில் நத்தையை வெட்டி எங்களுக்கு என்ன ஆகப்போகிறது?

நுண்ணோக்கி:
அண்ணே, தொட்டி வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, நானும் திருப்பாலைக்குடிப் பக்கம் பிறந்தவள்தான். கொசுவத்திச் சுருள் மாதிரி தட்டையாக, நசுக்கினால் சிவப்பாக ரத்தம் வருகிற நத்தை உங்கள் ஊருணியில் இருக்கும், பாருங்கள். அதன் பெயர் இண்டோபிளானார்பிஸ். மாட்டின் மூக்குச் சளியோடு விழுகிற முட்டை தண்ணீரில் பொரிந்து, புழு அந்த நத்தைக்குள் புகுந்து, பெருகி, ஆயிரக்கணக்கில் வெளியே நீந்தி வந்து மாட்டின் தோலைத் துளைக்கிறது. நாற்று நடுகிறவர்களுக்குச் சேற்றில் கால் அரிப்பதற்கும் இந்த வகைப் புழுக்கள் ஒரு காரணம்.

இதற்கு நெருங்கிய உறவான புழுக்கள் ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் மனிதர்களைத் தாக்குகின்றன. 2021இல் 25 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு மருந்து தேவைப்பட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கையில் இருப்பது முக்கியமாக பிராசிகுவான்டெல் என்ற ஒரே மருந்து. அது உள்ளே இருக்கிற புழுவைக் கொல்லும், நாளைக்கு மறுபடி தண்ணீரில் இறங்கினால் காக்காது. உங்கள் பசுவின் கதைதான்.

ஆனால் அங்கே உள்ள பயோம்பலேரியா நத்தைகளில் சில புழுவை உள்ளே விட்டே கொன்றுவிடுகின்றன. நத்தைக்கு நம்மைப் போல ஆன்டிபாடி கிடையாது, அதன் ரத்த அணுக்கள் புழுவைச் சுற்றி அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு அழிக்கின்றன. அதற்கு உதவுகிற ஃபிரெப் என்ற புரதத்தைத் தற்காலிகமாக அடக்கினால் நத்தையின் எதிர்ப்பு குறைகிறது. ஆனால் அந்த அடக்கம் கொஞ்ச நாளில் கலைந்துவிடும். அந்தப் புரதத்துக்கான மரபணுவை முட்டையிலேயே வெட்டினால்தான் வம்சம் முழுக்க வைத்துச் சோதிக்க முடியும்.

கீழக்கரைக்காரன்:
மூன்று தலைமுறையாகச் சங்கு வியாபாரம் செய்கிற வீட்டிலிருந்து எழுதுகிறேன். 2019இல் ஜப்பானில் ஒரு குளத்து நத்தையில் ஒரே ஒரு மரபணுவை வெட்டி, ஓடு சுழலும் திசையையே எதிர்ப்பக்கமாக மாற்றிவிட்டார்கள். அபூர்வமாக ஒரு சங்கு வலம்புரியாக வந்தாலே அதிசயம் என்று பார்த்து வளர்ந்த எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. இன்றைக்கு ஆய்வு என்பார்கள், நாளைக்கு புழு ஏறாத நத்தை என்று சொல்லிக் கண்மாயில் கொண்டுவந்து விடுவார்கள். டெல்லியில் கொசுவை மரபு முறையில் கட்டுப்படுத்தும் ஆய்வுக்கு என்று உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய பிரிவு, மக்களிடம் ஒழுங்காக விளக்காமல் போனதால் சந்தேகம் முற்றி 1975இல் முடிந்துபோனது. ஊரைக் கேட்காமல் செய்கிற எதையும் நான் ஏற்க மாட்டேன்.

நுண்ணோக்கி:
காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தானே கூப்பிடுவார்கள்), உங்கள் பயம் நியாயம். ஆனால் நான் சொல்கிற நத்தை எதிர்ப்பை இழந்த நத்தை, அதைக் கண்மாயில் விட யாருக்கும் காரணமே இல்லை. அப்புறம், இந்த நத்தைகள் இருபாலிகள், துணை இல்லாமல் தன்னந்தனியாகவே முட்டையிடும். அதனால் ஒரு மரபணுவைக் கூட்டம் முழுக்கப் பரப்புவது கொசுவில் நினைப்பதுபோல எளிதல்ல.

கீழக்கரைக்காரன்:
தனியாகவே முட்டையிடும் என்றால், ஒரே ஒரு நத்தை தப்பினாலும் ஒரு குளம் நிரம்பும் என்றுதானே அர்த்தம்?

நுண்ணோக்கி:
ஆமாம், அதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் ஆய்வகத்தில் நத்தை வளர்க்கிற தொட்டியின் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் வெளியே விடக்கூடாது. நம் நாட்டில் 2022இல் விதியைத் தளர்த்தியது மரபணு திருத்திய சில பயிர்களுக்குத்தான், விலங்குகளுக்கு இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் விருப்பமும்.

ஊருணிக்கரை:
தங்கச்சி சொல்வது புரிகிறது. ஆனால் நத்தைக்கு வேறு வழியும் உண்டு. செனகலில் 1986இல் டயாமா அணை கட்டியதும் நத்தையைத் தின்கிற ஆற்று இறால் மேலே வர முடியாமல் போய், நத்தை பெருகி, நோய் பரவியது. பிறகு இறாலைத் திரும்ப விட்ட இடத்தில் நோய் குறைந்தது. எங்கள் தாத்தா காலத்தில் அறுவடை முடிந்ததும் வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள், வாத்து நத்தையைத் தேடித் தேடித் தின்னும். இப்போது யாரும் வருவதில்லை. மயில்துத்தம் கரைத்தால் மீனும் சேர்ந்து சாகிறது.

நுண்ணோக்கி:
அண்ணே, ஒரு உதவி. பத்து நத்தையை உறை போட்ட கையால் எடுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு, காலை வெயிலில் வையுங்கள். நத்தைக்குள் புழு இருந்தால், பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் அது வெளியே வந்து வெள்ளை நூல் துணுக்கு மாதிரி நீந்துவது தெரியும். அந்தத் தண்ணீரை மட்டும் தொடாதீர்கள்.

ஊருணிக்கரை:
சரி, ஞாயிற்றுக்கிழமை வைத்துப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன். தொட்டி கேட்டு எழுதின மனுவும் அதோடு வரும், நீங்களும் காக்காவும் அதில் கையெழுத்துப் போட வேண்டும்.