ஒன்பது மடங்கு விலையுள்ள ஆம்ப்ளிஃபையர் என் கணவரின் வாசிப்பைத் தெளிவாக்கித் தருமா?

அடித்தந்தி:

என் கணவர் டபுள் பேஸ் வாசித்தவர்; வயலினைப்போன்ற, ஆனால் ஆளுயரத்துக்கு நிற்கும், மிகத் தாழ்ந்து ஒலிக்கும் தந்திக்கருவி அது. முப்பது ஆண்டுகள் இசைக்குழுக்களின் பின்வரிசையிலேயே நின்றார். அவருடைய தனி வாசிப்பு என்று பதிவானது ஒன்றே ஒன்றுதான். 1996இல் ஒரு சிறிய அரங்கில் இரண்டே மைக்குகளை வைத்து நண்பர் ஒருவர் டிஜிட்டல் டேப்பில் எடுத்து, பின்னர் சிடியில் பதிந்து தந்தார். மொத்தம் 47 நிமிடங்கள். அவர் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் ஒரு நாளாவது அதைக் கேட்டுவிடுவேன்.

இப்போது ஆம்ப்ளிஃபையரில் சிக்கல். பன்னிரண்டு ஆண்டுகள் பழையது. மெதுவாக வைத்துக் கேட்கும்போது இடது பக்கம் கரகரத்து, மங்கி, நின்றுவிடுகிறது. ஒலியைக் கூட்டினால் சட்டென்று திரும்பி வருகிறது. குறைத்தால் கால் மணி நேரத்தில் மறுபடியும் அதே கதை.

ஒரு விற்பனையாளரிடம் சிடியை எடுத்துப் போனேன். பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு அவர் காட்டிய ஆம்ப்ளிஃபையரை வாங்கச் சொன்னார். பழையதற்கு நான் கொடுத்த விலையைப்போல் ஒன்பது மடங்கு. கூடவே 192 கிலோஹெர்ட்ஸ் பிளேயர் ஒன்றும், தனி ரகக் கம்பிகளும் வேண்டுமாம். அங்கே சிடியைப் போட்டுக் காட்டினார். விரல் தந்தியில் உரசும் ஓசை வரை கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாங்கினால் என் சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆம்ப்ளிஃபையரை மட்டும் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவர் மிகக் கீழே உள்ள ஈ தந்தியை வாசிக்கும் இடங்களில் மட்டும் அறையே முழங்குகிறது. அடுத்த ஏ தந்திக்குப் போனால் சரியாகிவிடுகிறது. விலை கூடிய ஆம்ப்ளிஃபையர் அதையும் அடக்கும் என்கிறார் விற்பனையாளர். அறையின் நீளம் 4.2 மீட்டர். ஸ்பீக்கர்கள் அதன் ஒரு முனையில். எதிர்ச்சுவரை ஒட்டி என் சோபா. வெறுந்தரை, பெரிய கண்ணாடி ஜன்னல்.

எனக்கு வயது 61. கேட்டது உண்மையா, கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டேனா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈயப்பற்று:

வணக்கம் அம்மா. இருபத்தைந்து ஆண்டுகளாக ஆம்ப்ளிஃபையர்களையும் ஸ்பீக்கர்களையும் பழுது பார்க்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் கண்ணில் பட்டது அந்த இடது பக்கம்தான். அந்த ஆம்ப்ளிஃபையரைத் தயவுசெய்து தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

இயக்கிச் சில நொடிகள் கழித்து உள்ளே ‘டிக்’ என்று ஓர் ஓசை வருகிறதல்லவா? அது ரிலே. ஸ்பீக்கரைக் காப்பதற்காக வைத்திருக்கும் சுவிட்சு. அதன் தொடுமுனைகளில் காலப்போக்கில் கறுத்த படலம் படியும். மெதுவாக வைத்துக் கேட்கும்போது ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் அந்தப் படலத்தைத் தாண்ட முடியாது. ஒலியைக் கூட்டினால் தாண்டிவிடும். நீங்கள் சொன்ன அடையாளம் அப்படியே இதற்குப் பொருந்துகிறது. என் மேசைக்கு வரும் பழைய ஆம்ப்ளிஃபையர்களில் அடிக்கடி பார்க்கும் பழுது இது. ரிலேயை மாற்றினால் போதும். பெட்டிக்குள் இருப்பவற்றில் மலிவான பாகங்களில் ஒன்று.

ஆனால் முதலில் பழுது ஆம்ப்ளிஃபையரில்தானா என்று பாருங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் கம்பிகளை இடம் மாற்றுங்கள். மங்கல் வலது ஸ்பீக்கருக்குப் போனால் ஸ்பீக்கரும் கம்பியும் நலம். மூடியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

இனி உங்கள் பெரிய கேள்வி. விற்பனையாளர் சிடியை எந்த ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்? எப்படிப்பட்ட அறையில்? எவ்வளவு சத்தமாக?

கடைசிக் கேள்வியை வேண்டுமென்றே கேட்கிறேன். டெசிபல் என்பது சத்தத்தின் அளவைச் சொல்லும் அலகு. இரண்டு கருவிகளில் ஒன்று அரை டெசிபல், ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தாலும் நம் காது அதைச் சத்தம் என்று எடுத்துக்கொள்வதில்லை. ‘தெளிவு’, ‘உயிர்ப்பு’ என்றுதான் எடுத்துக்கொள்கிறது. நானும் பல ஆண்டுகள் ஓர் ஆம்ப்ளிஃபையரை அதன் குரலுக்காகவே போற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் இரண்டின் சத்தத்தையும் மீட்டரில் அளந்து சமமாக்கினேன். என் தம்பி எனக்குத் தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டான். எனக்கு அடையாளம் காணவே முடியவில்லை. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நீங்களும் இதைச் செய்யலாம். ரிலேயை மாற்றி வாங்கிய பிறகு, 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு அதிர்வுகள்) சோதனை ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து மாறுமின்னழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். சாதாரண மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தவறாகக் காட்டும். அதனால்தான் 100 என்கிறேன். ஒன்றில் 1 வோல்ட் என்றால் மற்றதில் 1.01க்கு மேல் போகக் கூடாது. அது ஏறக்குறைய 0.1 டெசிபல். பிறகு யாரையாவது நாணயம் சுண்டி, உங்களுக்குத் தெரியாமல் மாற்றச் சொல்லுங்கள். 16 முறை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் அது குருட்டு அதிர்ஷ்டமாக இருக்க வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. அப்போது தயங்காமல் வாங்குங்கள், நானே வாழ்த்துவேன். ஒரே ஸ்பீக்கரில் இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் ஒரு கணம்கூடச் சேர்ந்து இணைந்திருக்கக் கூடாது, அது மட்டும் கவனம்.

192 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,92,000 மாதிரிகளைக் கையாளும் பிளேயர் உங்களுக்குத் தேவையே இல்லை. மாதிரி என்பது ஒலி அலையை ஒரு கணத்தில் அளந்த அளவு. சிடியில் இருப்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். மனிதக் காது எட்டும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கிவிடுகிறது. 1996இல் பதிவாகாத ஒன்றை எந்தப் பிளேயரும் கொண்டுவந்து தராது. அதைவிட நுண்மையாகப் பதிந்த இசைத்தட்டுகளிலேயே இந்த வேறுபாடு பிடிபடவில்லை. மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட சோதனையில், அப்படிப்பட்ட இசையைச் சிடியின் தரத்துக்குக் குறைத்தும் குறைக்காமலும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியான விடை 276. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும்.

கம்பிக்குக் கணக்கே போதும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் தூரம். போக வரப் பத்து மீட்டருக்கு மின்தடை 0.07 ஓம். ஸ்பீக்கரின் 8 ஓமுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே இல்லை.

அகலத்திரை:

மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ‘ஆம்ப்ளிஃபையர் எல்லாம் ஒன்றுதான்’ என்று யாரும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பவை நிலைமின் ஸ்பீக்கர்கள், மெல்லிய படலத்தை மின்புலத்தால் அதிரவைக்கும் வகை. உயர்ந்த அதிர்வெண்களில் அவற்றின் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 2 ஓமுக்கும் கீழே இறங்கும். முன்பு வைத்திருந்த சிறிய ஆம்ப்ளிஃபையர் அந்தச் சுமையைத் தாங்காமல் அடிக்கடி தானாகவே அணைந்துவிடும். பெரியதை வாங்கிய பிறகுதான் நிம்மதியாகக் கேட்க முடிந்தது. வெற்றிடக்குழாய் ஆம்ப்ளிஃபையர்களும் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் வேறுவிதமாக ஒலிக்கும், அவற்றின் வெளியீட்டு மின்மறுப்பு அதிகம் என்பதால். அதை மீட்டரிலேயே காட்டலாம்.

என் ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்த பணத்தை எண்ணி நான் வருந்தியதே இல்லை. பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன, இன்றும் மாலையில் முதல் வேலை அவற்றின் முன் உட்காருவதுதான். கம்பிகளுக்குக் கொடுத்த பணத்துக்கு வருந்துகிறேன்.

உங்கள் ஸ்பீக்கர் எந்த வகை? வழக்கமான 8 ஓம் பெட்டி என்றால் என் சிக்கல் உங்களுக்கு வராது.

வெற்றுச்சுவர்:

அம்மா, முழக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் என் வேலை.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அறையின் நீளத்தை இரண்டால் பெருக்கி, 343ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். 4.2 மீட்டர் அறைக்கு 40.8 ஹெர்ட்ஸ் வரும். டபுள் பேஸின் கீழ் ஈ தந்தி 41.2 ஹெர்ட்ஸ். ஏ தந்தி 55. உங்கள் அறை அவருடைய அடித்தந்திக்குச் சுருதி சேர்த்ததுபோல் அமைந்திருக்கிறது! அந்தச் சுரம் வரும்போதெல்லாம் இரண்டு சுவர்களுக்கும் இடையில் அலை நிலைகொண்டுவிடுகிறது. சுவரை ஒட்டிய இடத்தில்தான் அழுத்தம் உச்சம், அங்கேதான் உங்கள் சோபா. உலகத்திலேயே விலை கூடிய ஆம்ப்ளிஃபையரைக் கொண்டுவந்தாலும் இந்தச் சுவர்கள் நகரப் போவதில்லை.

சோபாவைச் சுவரிலிருந்து 1.4 மீட்டர் முன்னால் இழுங்கள். அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே அந்த அலையின் அழுத்தம் சுவரருகே இருப்பதில் பாதி, அதாவது 6 டெசிபல் குறைவு. நட்ட நடுவில் போடாதீர்கள். அங்கே அந்தச் சுரம் ஏறக்குறைய காணாமலே போய்விடும், அது முழக்கத்தைவிட மோசம்.

கம்பளம் விரித்தால் முழக்கம் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகாது. 41 ஹெர்ட்ஸின் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். அதற்குக் கம்பளம் ஒரு தடையே இல்லை. ஆனால் வெறுந்தரையும் கண்ணாடியும் உயர்ந்த அதிர்வெண் ஓசைகளை எதிரொலித்துத் தெளிவைக் கெடுக்கின்றன. விரல் உரசும் ஓசை கடையில் கேட்டு வீட்டில் கேட்காததற்கு அது காரணமாக இருக்கலாம். அறை நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். படபடவென்று எதிரொலித்தால் தடித்த திரைச்சீலையும் கம்பளமும் போடுங்கள்.

அடித்தந்தி:

மூவருக்கும் நன்றி. கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

கடையில் ஒலித்தவை அவர்களுடைய ஆளுயர ஸ்பீக்கர்கள். தரை முழுக்கக் கம்பளம், சுவரெல்லாம் துணிப்பலகை. நான் ஸ்பீக்கருக்கு இரண்டு மீட்டர் தொலைவில் உட்கார்ந்திருந்தேன். என்னுடையவை வழக்கமான 8 ஓம் பெட்டிகள்தான். இதையெல்லாம் நீங்கள் கேட்கும் வரை நான் யோசிக்கவே இல்லை. ஆம்ப்ளிஃபையர் மட்டும்தான் மாறியது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பிகளை இடம் மாற்றினேன். மங்கல் வலது பக்கம் போய்விட்டது. ஆம்ப்ளிஃபையரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். ரிலேதான் என்றார், மறுநாளே தந்துவிட்டார்.

நேற்று மாலை சோதனை. மகள் மீட்டரை வைத்துச் சத்தத்தைச் சமமாக்கினாள், 1.00 வோல்ட், 1.01 வோல்ட். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவள் ஒவ்வொரு முறையும் அணைத்து, கம்பியை மாற்றி, மறுபடியும் இயக்க ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆனது. முதல் ஐந்து முறை உறுதியாகச் சொன்னேன். பிறகு உறுதி போய்விட்டது. 16இல் 9 சரி.

ஈயப்பற்று:

ஒரு நிமிட இடைவெளி நீளம்தான் அம்மா, ஒலி நினைவில் அவ்வளவு நேரம் நிற்பதில்லை. அதனால் வேறுபாடே இல்லை என்று இதைக் கொண்டு நான் சாதிக்க மாட்டேன். ஆனால் ஒன்பது மடங்கு பணம் கேட்கும் வேறுபாடு ஒரு நிமிடம்கூட நினைவில் நிற்காவிட்டால், உங்கள் சேமிப்பை அதற்குக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

முதல் நாள் கண் கலங்கியதைப் பொய் என்று நினைக்காதீர்கள். 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் இருவரும் ஒரே ஸ்பீக்கர்களை மறைத்துவைத்தும், கண்ணுக்குத் தெரியும்படி வைத்தும், தங்கள் ஒலிக்கருவி நிறுவன ஊழியர்கள் 40 பேரை மதிப்பிடச் சொன்னார்கள். கண்ணால் பார்த்தபோது மதிப்பெண்கள் மாறின. தொழிலில் ஊறியவர்களுக்கே அப்படி.

சோபாவை நகர்த்தினீர்களா?

அடித்தந்தி:

நகர்த்தினோம். ஜன்னலுக்குத் தடித்த திரை, ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் ஒரு கம்பளம். ஆம்ப்ளிஃபையரை இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடையில் கேட்ட அளவுக்கு இல்லை என்றாலும், விரல் உரசுவது இப்போது கேட்கிறது. இன்னொன்றும் கேட்கிறது. மூன்றாவது உருப்படி ஈ தந்தியில் நீண்ட சுரமாக முடியும். அது தேய்ந்து அடங்குவதற்குள் அரங்கில் யாரோ இருமுகிறார்கள். அந்த அரங்கில் நான் உட்கார்ந்திருந்தேன், இருமல் எனக்கு நினைவில்லை. இத்தனை ஆண்டுகள் முழக்கத்துக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அந்த ஒரு முடிவை மட்டும் ஐந்தாறு முறை போட்டுக் கேட்டேன். அவர் வில்லைத் தந்தியிலிருந்து எடுக்கும் இடம் எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஈயப்பற்று:

மிகவும் மகிழ்ச்சி அம்மா. ஒன்று மட்டும். வீட்டில் பதியும் சிடிகளில் தகவலைத் தாங்குவது ஒரு சாயப்படலம். அது நாளாக நாளாக மங்கும். படியெடுத்து வைத்திருக்கிறீர்களா? பழைய டேப் யாரிடம் இருக்கிறது?

அடித்தந்தி:

டேப் நண்பரிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன். சிடியை மகள் நேற்றிரவே சுருக்காமல் படியெடுத்துவிட்டாள். ஒன்று அவள் வீட்டில், ஒன்று என்னிடம்.